வார்டு நோட்டில் இருந்த முப்பத்து மூன்று பேர்

அக்கேயோ எனக்குச் சக்களத்தி. ஏரிக்கரை ஊர்களில் யாரைக் கேட்டாலும், "சைக்கிள்ல வருவாளே, காய்ச்சல் ஆபீஸ்காரி" என்று அடையாளம் சொல்வார்கள். அவளுடைய அம்மாவின் அக்கா, என் பிறந்த ஊரான ஆலேகோவில் என் சித்தப்பா மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அதனால் என் வீட்டுக்காரர் ஓடெரா அவளைச் சேமேயிலிருந்து இரண்டாம் தாரமாகக் கூட்டி வந்தபோதே எங்களுக்குள் உறவு இருந்தது. சண்டை போடத்தான் ஒரு காரணம் தேட வேண்டியிருந்தது. அதையும் நான் தேடிக் கண்டுபிடித்தேன். முதல் வருஷம் முழுக்க அவள் இறைத்த தண்ணீரை நான் தொட்டதில்லை.

ஓடெரா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். மாதக் கடைசியில் வருவார். வந்தால் வாசலுக்கு நேரே இருக்கும் என் வீட்டிலும் களி சாப்பிட வேண்டும், வலப்பக்கம் இருக்கும் அவள் வீட்டிலும் சாப்பிட வேண்டும். ஒரு வீட்டில் ஓர் உருண்டை குறைந்தாலும் அந்த வீட்டுக்காரி மூன்று நாள் முகம் கொடுக்க மாட்டாள். மனுஷன் வயிறு முட்டிப்போய் முற்றத்தில் நடந்துகொண்டிருப்பார். அதைப் பார்த்து நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். எங்கள் பகை அன்றைக்குத்தான் முடிந்தது.

அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. உண்டாகும், கலைந்துபோகும். எனக்கு உண்டானது நிற்கும், பிறந்தது நிற்காது. மகள் அமோலோவும் மகன் ஓச்சோலாவும் பிழைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. வாழைத்தோப்பு ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன். எத்தனை பேர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் பெற்றவள் பிள்ளைகளை எண்ணுவது கிடையாது. எண்ணினால் கேட்கக்கூடாத காதில் விழும்.

கடைசியாக ஒரு பெண் பிறந்தாள். அடுத்தடுத்துப் பறிகொடுத்தவள் செய்வதை நானும் செய்தேன். விடிந்ததும் குழந்தையை முறத்தில் கிடத்திப் பாதையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அந்த வழியாக ஒருத்தி வர வேண்டும், எடுக்க வேண்டும். அக்கேயோ தண்ணீருக்குப் போகிறவள் மாதிரி வந்து எடுத்தாள். முற்றத்துக்குள் நுழைந்து குரல் கொடுத்தாள்.

"அக்கா, வழியில ஒரு பிள்ளை கெடந்துச்சு. யாரோ வேண்டாம்னு வீசிட்டாங்க. உங்களுக்கு வேணுமா?"

"எனக்கெதுக்கு வீசின பிள்ளை? மூக்கு வேற சப்பையா இருக்கு."

"உங்க மூக்கைவிடத் தேவலை. சீக்கிரம் சொல்லுங்க, கை வலிக்குது."

நான் ஒரு பெட்டைக்கோழியைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அவிட்டி என்று பெயர் வைத்தோம். வீசி எறியப்பட்டவள் என்று அர்த்தம். ஆண்பிள்ளையாக இருந்தால் ஓவிட்டி. சாவு வந்து கேட்டால், அவள் என் பிள்ளை இல்லை, வழியில் கிடந்தவள் என்று சொல்லிவிடலாம். அக்கேயோ அந்தக் கோழியைக் கடைசிவரை அறுக்கவில்லை. முட்டை மட்டும் சாப்பிட்டாள்.

பெருமழை பெய்து பாலம் அடித்துக்கொண்டு போன வருஷத்துக்கு மறுவருஷம், மலேரியாவை ஆராய்கிற காய்ச்சல் ஆபீஸ் எங்கள் பக்கம் வந்தது. அக்கேயோ பத்தும் தாண்டிப் படித்தவள். நல்ல கையெழுத்து. வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

சுவருக்கும் கூரைக்கும் நடுவில் காற்று வர விட்டிருக்கும் சந்து வழியாகத்தான் கொசு வருகிறதாம். அதைக் கம்பி வலையால் அடைத்தால் சின்னப் பிள்ளைகள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுப்பது குறையுமா என்று பார்க்க வேண்டும். அதற்காக, ஒரே வேலிக்குள் இருக்கும் வீடுகளை ஒரு வளவு என்று வைத்து, பாதி வளவுகளுக்கு வலை, பாதிக்கு இல்லை. பள்ளிக்கூட மரத்தடியில் ஒரு கூடை நிறைய பீர்ப்பாட்டில் மூடிகளைப் போட்டு எடுக்கச் சொன்னார்கள். ஓட்டை போட்ட மூடி வந்தால் வலை. எனக்கு ஓட்டையில்லாத மூடி வந்தது.

"உன் ஆபீஸ்தானே? ஒரு ஓட்டை மூடியை என் பக்கம் தள்ளி வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"தள்ளி வெச்சா அப்புறம் எதுக்குக்கா கூடை?"

வலையால் பலன் உண்டென்று தெரிந்தால் மிச்சப் பாதிக்கும் அடிப்பார்கள். தெரியாவிட்டால் ஆபீஸ் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடும். அதுதான் பேச்சு.

பிறகு வீடு வீடாகப் போய் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை எழுதினார்கள். எங்கள் வளவுக்கு ஓலுவோச் என்கிற பையன் வந்தான். தன் வளவைத் தானே எழுதக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். அமோலோவின் கைக்குழந்தையை எழுதச் சொன்னேன். அவிட்டிக்கு அப்போது மூன்று வயது. அவளைச் சமையல் குடிசைக்குள் அனுப்பிவிட்டேன். உள்ளே இருமும் சத்தம் ஓலுவோச்சுக்கும் கேட்டது. "வேற யாரும் இல்லையே, அம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் நோட்டை மூடினான். அவனும் எங்கள் ஊர்ப் பிள்ளைதானே. அக்கேயோவும் ஊர் முழுக்க இப்படித்தான் எழுதினாள். குடிசைக்குள் இருக்கும் பிள்ளையைக் கேட்பது மரியாதை இல்லை.

அடுத்த மழையில் அவிட்டிக்கு உடம்பு கொதித்தது, கண் செருகியது, கைகால் வெட்டியது. அக்கேயோ அவளைத் தன் முதுகோடு கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தாள். நான் பின்னால் ஓடினேன். ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் பெயர் கேட்டாள். அந்த நேரத்தில் எனக்குக் கேட்கக்கூடாத காது எதுவும் ஞாபகம் வரவில்லை, "அவிட்டி, அவிட்டி" என்று கத்திவிட்டேன். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து கூழ் கேட்டாள்.

ஆறு மாதம் முடிந்ததும் ஆபீஸ்காரர்கள் கணக்குப் போட்டார்கள். போட்டவன் மோக்காயா, கிசி மலைப்பக்கத்துப் பையன், கம்ப்யூட்டர்க்காரன். அன்றைக்கு அக்கேயோ வந்து சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் தரையிலேயே போட்டாள்.

"போச்சுக்கா. வலையால பலன் இருக்குன்னு சொல்ல முடியாதாம்."

"ஏன்? வலை போட்ட வீட்டுலயும் அதே காய்ச்சல்தானா?"

"அதுதான் இல்ல. வார்டுல படுத்தது மொத்தம் முப்பத்தெட்டு. வலை உள்ள பக்கம் பதினஞ்சு, இல்லாத பக்கம் இருபத்து மூணு."

"குறைஞ்சிருக்கே!"

"நானும் அதைத்தான் சொன்னேன். வலைக்கு ஒரு பலனும் இல்லேன்னே வெச்சுக்கிட்டாலும், சும்மா அதிர்ஷ்டத்துல இவ்வளவு வித்தியாசம் வர்றதுக்கு நூத்துல பத்தொம்பது வாய்ப்பு இருக்காம். நூத்துல அஞ்சுக்குக் கீழ வந்தாத்தான் நாலு பேர் முன்னாடி பேசுவாங்களாம்."

மோக்காயா போட்ட கணக்குக்கு லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்று பெயராம். ஆம், இல்லை என்று மட்டும் பதில் வருகிற விஷயத்துக்கு உள்ள கணக்கு. பிள்ளை வார்டில் படுத்ததா? ஆம், இல்லை. அதற்குக் காரணம் வலையா, வயதா, கொசுவலைக்குள் படுத்ததா, வீடு சதுப்புக்குப் பக்கமா, வீட்டுக்குள் ஆடு கட்டுகிறார்களா, அம்மா படித்தவளா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்குமாம்.

"எழுதின பிள்ளைங்க ஆயிரத்துக்கு மேல இருக்காங்களே, பத்தாதான்னு கேட்டேன்" என்றாள் அக்கேயோ. "அவன் சிரிக்கிறான். 'அக்கா, பத்தாயிரம் இருந்தாலும் கிட்டத்தட்ட எல்லாமே இல்லை இல்லைன்னே இருந்தா இந்தக் கணக்குக்குப் பசி அடங்காது. இதுக்கு ஆம்தான் சாப்பாடு. ஆறு காரணத்தைப் பிரிக்கணும்னா, ஒவ்வொண்ணுக்கும் பத்து ஆமாவது வேணும்'ங்கறான்."

"அப்போ இன்னும் கொஞ்சம் பிள்ளைங்க காய்ச்சல்ல விழணும்னு வேண்டிக்கறானா? நல்ல ஆபீஸ்!"

"அவன் அப்படிச் சொல்லலைக்கா. வித்தியாசம் இல்லேன்னும் சொல்லல. நம்மகிட்ட இருக்கற வெளிச்சத்துல தெரியலேன்னுதான் சொல்றான்."

மறுநாள் அவள் வார்டு நோட்டைக் கேட்டு வாங்கி, ஆபீஸ் பட்டியலோடு ஒத்துப் பார்க்க உட்கார்ந்தாள். எங்கள் ஊர்களின் பெயர் போட்டு வார்டில் படுத்த பிள்ளைகளில் முப்பத்து மூன்று பேர் பட்டியலில் இல்லை. ஆபீஸ் குமாஸ்தா அவர்களை வெளியூர்ப் பிள்ளைகள், விருந்துக்கு வந்த இடத்தில் காய்ச்சல் கண்டவர்கள் என்று எழுதி ஒதுக்கிவிட்டிருந்தான். அக்கேயோ பெயர்களைப் படித்தாள். ஓவிட்டி. அவிட்டி. அவிட்டி. ஓவிட்டி. பட்டியலைத் திருப்பினாள். ஆயிரத்துச் சொச்சம் பெயரில் ஓர் அவிட்டிகூட இல்லை. எங்கள் பள்ளிக்கூட முற்றத்தில் அவிட்டி என்று கூப்பிட்டால் ஐந்து பேர் திரும்புவார்கள்.

வார்டு நோட்டில் ஒரு வரிக்கு நேரே, கொண்டுவந்தவர் என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்தே இருந்தது.

அதை மூடி வைத்துவிட்டு வந்திருக்கலாம். தானும் தெரிந்தே பிள்ளைகளை எழுதாமல் விட்டதாக ஒத்துக்கொண்டால் வேலை போகும். அவள் நேரே மோக்காயாவிடம் போய்ச் சொன்னாள். அவன் வார்டு நோட்டை வாங்கிப் பெயர்களைப் படித்தானாம். பிறகு, "எங்கம்மா கோழியைக்கூட எண்ண மாட்டாங்க. எனக்கே தோணியிருக்கணும்" என்றானாம். காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில்தான் அவிட்டி இருப்பாள். அந்த வீட்டுக்குத்தான் கொசு அதிகம் வருகிறது. கணக்குக்கு வேண்டிய ஆம் எல்லாம் சமையல் குடிசைக்குள் ஒளிந்திருந்தது.

"அப்போ அந்த முப்பத்து மூணையும் சேர்த்துடலாமே, தம்பி?"

"அது இதைவிடப் பெரிய பொய்க்கா. நோயில விழுந்த ஓவிட்டியை மட்டும் சேர்த்து, விழாம வெளையாடற ஓவிட்டியை விட்டா எப்படி? விட்டுப்போன எல்லாரையும் எழுதணும். வலை உள்ள பக்கமும், இல்லாத பக்கமும். எழுதி முடிச்ச பிறகு ஒரே ஒரு தடவை கணக்குப் போடுவேன். எது வந்தாலும் அதுதான். நமக்குப் புடிச்ச பதில் வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பப் போடக் கூடாது."

அன்று மத்தியானம் நான் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். அக்கேயோ வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவளும் நாலு கடலை உரித்தாள்.

"அக்கா, அவிட்டியை எழுதணும்."

"எழுதினா செத்துப் போவா."

"சரிக்கா."

கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து போனாள். அதுதான் எனக்குக் கோபமாக வந்தது. கெஞ்சியிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன்.

மற்ற வீடுகளில் நடந்தது எனக்கு அவள் சொல்லித் தெரியவில்லை. கிணற்றடியில் தெரிந்தது. அடுத்த வளவு தொர்கா, எனக்குப் பெரியம்மா மகன் பெண்டாட்டி, குடத்தை இறக்காமலே பேசினாள்.

"ஆலேகோக்காரி, உன் சக்களத்திக்குச் சொல்லி வை. பெறாத வயிறு ஊரான் பிள்ளையைத் தேடித் தேடி எண்ணுதே, எங்கயாவது உண்டா? என் ஓவிட்டி மேல கண்ணு வெச்சா சைக்கிளை ஏரியில தள்ளிடுவேன்."

"உன் ஓவிட்டி மேல கண்ணு வைக்க என்ன இருக்கு? வருஷம் பூரா மூக்கு ஒழுகுது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளிடம் அக்கேயோ என்ன கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். கேட்டுவிட்டு எப்படித் தலை குனிந்து வெளியே வந்திருப்பாள் என்றும் தெரியும்.

கூழ் கிண்டும்போது யோசித்தேன். வார்டில் நர்ஸ் பெயரைக் கேட்டாள், ஊரே கேட்கக் கத்தினேன். சாவு அங்கேதான், அந்த அறையிலேயேதான் இருந்தது. இரண்டு கட்டில் தள்ளி ஒரு பிள்ளையைக் கொண்டும் போயிற்று. அவிட்டியைக் கொண்டுபோகவில்லை. அப்போது கேட்காத காதா இப்போது கேட்கப் போகிறது? மழைக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. கூரைச் சந்து அப்படியே திறந்து கிடந்தது.

இருந்தாலும் பெற்ற வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அடுப்படியிலிருந்தே கூப்பிட்டேன்.

"ஏ சேமேக்காரி! அந்தப் பிள்ளையை வழியில கண்டெடுத்தது யாரு?"

"நான்தான்" என்றாள், ஒன்றும் புரியாமல்.

"அப்போ எங்கிட்ட ஏன் கேக்கறே? என் பிள்ளையா அது? கண்டெடுத்தவ சொல்லு. கண்டெடுத்தவ சொன்னா யாருக்கும் கெடுதல் இல்ல."

அவள் உட்கார்ந்து முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். நான் கூழைக் கிண்டிக்கொண்டே இருந்தேன். இல்லாவிட்டால் அடி பிடித்துவிடும்.

ஓலுவோச் நோட்டோடு வந்தான். இந்தத் தடவை அவிட்டி முற்றத்தில் நின்றாள். தொர்காவும் இன்னும் நாலு பெண்களும் வேலி ஓரத்தில் நின்று பார்த்தார்கள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு துணி உலர்த்தினேன்.

"பிள்ளையைப் பத்திச் சொல்றது யாருங்க?" என்று கேட்டான், தினமும் ஆபீஸில் தன் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவளைப் பார்த்து.

"அக்கேயோ. கண்டெடுத்தவ."

"பிள்ளை பேரு?"

அவள் என் முதுகைப் பார்த்திருப்பாள். நான் திரும்பவில்லை. ஒரு துணியை இரண்டாம் முறை பிழிந்தேன்.

"அவிட்டி" என்றாள். "மூணு வயசு. மழையில வார்டுல படுத்தா. ஆம்னு போடு."

ஓலுவோச் எழுதினான். வானம் இடியவில்லை. அவிட்டி அவன் பேனாவைப் பிடுங்கப் போனாள்.

தொர்கா தன் ஓவிட்டியைக் கண்டெடுத்த கிழவியைத் தானே கையைப் பிடித்து அழைத்து வந்தாள். "இவகிட்ட கேளு. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். அப்புறம் ஊர் ஊராக அப்படித்தான் நடந்தது. அக்கேயோ தாய்களை விட்டுவிட்டுக் கண்டெடுத்தவர்களைத் தேடிப் போனாள். இந்தப் பிள்ளையை எடுத்தது அந்த ஊர்க் கொல்லன் பெண்டாட்டி, அந்தப் பிள்ளையை எடுத்தவள் செத்துப்போய் அவள் மகள் இருக்கிறாள் என்று, உறவுமுறையெல்லாம் நான் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். ஒன்றரை மாதம் ஆயிற்று. பட்டியலில் சேர்ந்தவர்கள் நூற்று நாற்பதுக்கு மேல். வார்டில் படுத்தவர்களின் கணக்கு எழுபத்தொன்று ஆனது. இதெல்லாம் ஆபீஸ் எண்ணியது.

கணக்குப் போடும் நாளில் அவள் வேலைக்குப் போகப் பயந்தாள்.

"பலன் இல்லேன்னு வந்துட்டா என்னடி பண்ணுவே?" என்று கேட்டேன்.

"பலன் இல்லாத வலைக்காக யாரும் இனிமே ஏமாற வேண்டாம்னு சொல்லுவேன். அவிட்டிக்கு வேற வழி தேடுவோம்."

வலை உள்ள பக்கம் இருபத்தாறு, இல்லாத பக்கம் நாற்பத்தைந்து. சும்மா அதிர்ஷ்டத்தில் இப்படி வர நூற்றில் மூன்றுதான் வாய்ப்பு என்று வந்தது. மோக்காயா காகிதத்தை அவளிடம் கொடுத்து, ஊருக்கு நீங்களே சொல்லுங்கள் என்றான்.

பள்ளிக்கூட மரத்தடியில் எல்லோரும் கூடினோம். அவள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தாய்கள் முன்னால் ஓர் எண்ணைக்கூடச் சொல்லவில்லை. "போன தடவை சரியாத் தெரியல, இந்தத் தடவை தெரியுது. வலை அடிச்ச வீட்டுலேர்ந்து வார்டுக்குப் போறது குறையுது. மழைக்கு முன்னாடி மத்த வளவுகளுக்கும் அடிக்கப் போறாங்க" என்றாள்.

தொர்கா எழுந்தாள். "அப்போ வலை அடிச்சா என் பிள்ளைக்குக் காய்ச்சல் வராதுன்னு எழுதித் தருவியா?"

"தர முடியாது, அண்ணி."

"பின்ன என்னத்துக்கு இத்தனை அலைச்சல்?"

"இத்தனை வீட்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் இது தெரியுது. உங்க ஒரு பிள்ளைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய்."

தொர்கா, "என் வீட்டுல முதல்ல அடிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

எங்கள் வீட்டுக்கு வலை அடிக்க ஆள் வந்தபோது, அக்கேயோ தானே ஏணியில் ஏறி ஒவ்வோர் ஆணியையும் இழுத்துப் பார்த்தாள். புகை வெளியே போகவில்லை என்று நான் ஒரு வாரம் திட்டினேன். அந்த மழையில் அவிட்டிக்கு இரண்டு தடவை காய்ச்சல் வந்தது. இரண்டு தடவையும் மாத்திரையோடு போயிற்று, வார்டுக்குப் போகவில்லை. வலையால்தானா, வயது ஏறியதாலா, யாருக்குத் தெரியும்? அக்கேயோவைக் கேட்டேன். தனக்கும் தெரியாது என்றாள். சொல்லிக்கொண்டே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற அவிட்டியைத் தூக்கித் தன் முதுகில் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

"நாலு வயசுப் பிள்ளையை முதுகுல கட்டறவ நீ ஒருத்திதான்டி" என்றேன்.

"கண்டெடுத்தவ நான், அக்கா" என்று சொல்லி, சைக்கிளில் ஏறிப் போனாள்.